கட்டிலை ஈடு வாங்கிய வங்கி



கடனுக்கு ஈடாகக் கட்டிலை எழுதி வாங்கிக்கொண்ட வங்கி ஒன்று கென்யாவில் இருக்கிறது. கந்துவட்டிக் கடையைச் சொல்லவில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய வங்கிகளில் ஒன்றான ஈக்விட்டி வங்கியைச் சொல்கிறேன். கணவனும் மனைவியும் படுக்கும் கட்டில், கூடத்தில் கிடக்கும் சோபா, தொழுவத்தில் நிற்கும் பசு என்று பட்டியல் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, கடனைக் கொடுத்து அனுப்பினார்கள். நிலப் பத்திரமெல்லாம் ஆண்கள் பெயரில் இருக்கும் ஊர்களில், காய்கறிக் கடை போடவும் கோழி வளர்க்கவும் பணம் கேட்டு வந்த பெண்களிடம் எழுதிக் கொடுக்க வேறு என்ன இருந்தது?

பழைய கட்டிலை ஏலம் போட்டால் எவ்வளவு தேறும் என்று வங்கிக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தவணை தவறினால் கட்டில் வாசல் தாண்டிப் போவதை ஊரே வேடிக்கை பார்க்கும் என்பது கடன் வாங்கியவளுக்கும் தெரியும். அந்த நாள் வருவதற்குள் வீட்டுக்காரனே எங்காவது பணத்தைப் புரட்டிக்கொண்டு வந்து நிற்பான். குடும்ப மானத்தை நம்பிக் கொடுத்த கடன் அது. இந்த ஏற்பாட்டை மெச்சுவதா, முகம் சுளிப்பதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரம் இல்லாதவரை எதை வைத்து நம்புவது என்று ஒரு வங்கி உட்கார்ந்து யோசித்திருக்கிறது, அந்த அளவில் எனக்கு மகிழ்ச்சிதான். அப்படி யோசிக்க வைத்தவர் ஜேம்ஸ் முவாங்கி. வங்கியில் அவர் செய்த வேலையும், பின்னால் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்காகச் செய்த வேலையும் ஒரே கைப்பழக்கத்தில் வந்தவை என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த மாதம் நம் பக்கம் அவருக்கு.

முவாங்கி பிறந்தது 1962இல். நைரோபிக்கு வடக்கே, அபர்டேர் மலைச்சரிவில், தேயிலையும் காப்பியும் விளையும் முராங்கா வட்டாரத்தில் கங்கேமா என்கிற ஊர்ப்பக்கம். தகப்பனார் சீக்கிரமே போய்விட்டார். தாய் ஒருத்தியாக நின்று ஏழு பிள்ளைகளை ஆளாக்கினார். கரியும் பழமும் விற்று ஓடிய குடும்பம். விற்றவர்களில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஜேம்ஸும் ஒருவர். ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல் எல்லாப் பிள்ளைகளும் படித்தாக வேண்டும் என்பதில் தாய் விட்டுக்கொடுக்கவே இல்லை என்று முவாங்கி பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கரி விற்ற பையன் நைரோபிப் பல்கலைக்கழகத்தில் வணிகவியல் படித்துத் தணிக்கையாளராகி, டிரேட் பேங்க் என்ற வங்கியில் நிதிப் பிரிவின் உயர்ந்த பொறுப்பில் போய் உட்கார்ந்தார். இதோடு கதை முடிந்திருந்தால் ‘உழைத்து முன்னேறியவர்’ என்று இரண்டு வரி எழுதிவிட்டு நகர்ந்திருப்பேன்.

1993இல் அவர் அந்த அந்தஸ்தையெல்லாம் விட்டுவிட்டு, மூழ்கிக்கொண்டிருந்த ஒரு நிறுவனத்தில் போய்ச் சேர்ந்தார். அவருடைய சொந்த ஊரான கங்கேமாவில் 1984இல் பீட்டர் முங்காவும் நண்பர்களும் தொடங்கிய ஈக்விட்டி பில்டிங் சொசைட்டி. நம் ஊர்க் கணக்கில், வீட்டுக் கடன் தரும் ஒரு சிறிய நிதி நிறுவனம். ஊர்க்காரர்களிடம் சேமிப்பு வாங்கி, வீடு கட்ட நெடுங்காலக் கடன் கொடுப்பது தொழில். கொடுத்த கடனில் 54 சதவீதம் வாராக்கடன். சேர்ந்துபோன நட்டம் 3.3 கோடி ஷில்லிங். உடனே எடுத்துக் கொடுக்கக் கையில் 20 சதவீதம் ரொக்க வசதி வைத்திருக்க வேண்டும் என்பது விதி. இவர்களிடம் இருந்ததோ 5.8 சதவீதம். இன்னும் வெட்டவெளிச்சமாகச் சொன்னால், சேமிக்க வந்தவர்களின் பணத்தை எடுத்துத்தான் அன்றாடச் செலவையே சமாளித்தார்கள். கென்ய மத்திய வங்கி பார்த்துவிட்டு, இது திவாலான நிறுவனம் என்று எழுதிவைத்தது. நாட்டில் இருந்த 66 நிதி நிறுவனங்களில் எங்களுக்கு 66ஆவது இடம் என்று முவாங்கியே சொல்லிச் சிரிப்பார்.

கென்யாவுக்கும் அது நல்ல காலம் இல்லை. கோல்டன்பர்க் ஊழலில் அரசுக் கருவூலம் ஓட்டையாகியிருந்தது. விலைவாசி தறிகெட்டு ஏறியது. வங்கிகள் அடுத்தடுத்துக் கவிழ்ந்தன. முவாங்கி விட்டு வந்த டிரேட் பேங்கும் அதில் ஒன்று. அந்த நேரத்தில், சேமித்த பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு நூறு பேர் ஒன்றாக வந்து நின்றிருந்தால் ஈக்விட்டியின் கதவு அன்றைக்கே சாத்தப்பட்டிருக்கும்.

அவர் செய்ததில் மாயமந்திரம் எதுவும் இல்லை. முதலில், வீட்டுக் கடன் என்ற நெடுங்காலப் புதைகுழியிலிருந்து நிறுவனத்தை வெளியே இழுத்தார். நிறுவனத்தின் பெயரில் ‘பில்டிங்’ இருந்தது, சின்னத்திலும் பழுப்புக் கூரை போட்ட ஒரு வீடு இருந்தது. ஆனால் கடனெல்லாம் சிறு வியாபாரத்துக்கும் விவசாயத்துக்கும், சில மாதங்களில் திரும்பி வருகிற மாதிரி, சின்னச் சின்னத் தொகையாகப் போகத் தொடங்கியது. இரண்டாவதாக, கூட்டம் போட்டு ஊழியர்களையும் வாடிக்கையாளர்களையும் பங்கு வாங்கச் சொன்னார். நிறுவனம் மூழ்கினால் உன் பணமும் மூழ்கும் என்ற நிலை வந்த பிறகு, கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் வாடிக்கையாளரை நிமிர்ந்து பார்த்துப் பேசாமல் இருப்பாரா?

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. முராங்காவின் சிறு தேயிலை விவசாயிக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. ஆனால் பறித்துக் கொடுத்த கொழுந்துக்கு மாதாமாதம் ஒரு தொகை, ஆண்டுக் கடைசியில் ‘போனஸ்’ என்று ஒரு பெரிய தொகை, தேயிலை வாரியத்து ஆலையிலிருந்து தவறாமல் வந்துவிடும். அவர் எத்தனை கிலோ கொடுத்தார் என்பது ஆலையின் எடைச் சீட்டில் இருக்கிறது. அதுவே போதுமான சான்று, இதை வைத்துக் கடன் கொடுக்கலாம் என்று ஈக்விட்டி கண்டுகொண்டது. பெரிய வங்கிகளின் கண்ணுக்கு அந்த எடைச் சீட்டு வெறும் கசங்கிய காகிதம்.

அந்தப் பெரிய வங்கிகளும் இவருக்கு ஒரு வகையில் உதவின என்றுதான் சொல்ல வேண்டும். 90களில் லாபம் போதவில்லை என்று கிராமப்புறக் கிளைகளை வரிசையாக மூடினார்கள். சேமிப்புக் கணக்கில் வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்ச இருப்பை, சாதாரண ஆசிரியரே மிரளும் அளவுக்கு உயர்த்தினார்கள். சில்லறை ஆசாமிகள் தாமாகவே விலகிப் போகட்டும் என்பது கணக்கு. விலகியவர்கள் நேராக ஈக்விட்டியில் போய் நின்றார்கள். அங்கே குறைந்தபட்ச இருப்பு கிடையாது. கணக்கைப் பராமரிக்க மாதக் கட்டணம் கிடையாது. கிளைக்கு வர வழியில்லாத ஊர்களுக்கு வங்கியே வண்டி கட்டிக்கொண்டு போனது: வேனுக்குள் கம்ப்யூட்டர், பணப்பெட்டி, கூடவே காவலர். குறித்த கிழமையில் குறித்த சந்தைக்கு வேன் வந்து நிற்கும். முட்டை விற்ற காசை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போவதற்குப் பதிலாக, போகிற வழியில் கணக்கில் போட்டுவிட்டுப் போகலாம்.

இன்னொன்றும் நடந்தது, இது 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில். மைக்ரோசேவ் என்ற ஆய்வு அமைப்பின் துணையோடு வாடிக்கையாளர்களைச் சிறு குழுக்களாக உட்கார வைத்து, மனம்விட்டுப் பேசச் சொன்னார்கள். பாராட்டு வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் புகார் மழை. விண்ணப்பக் கட்டணம், காப்பீட்டுக் கட்டணம், அந்தக் கட்டணம், இந்தக் கட்டணம் என்று கடன் கைக்கு வருவதற்குள் ஆளாளுக்குப் பிய்த்துக்கொள்கிறார்கள், கடைசியில் எவ்வளவு வட்டி கட்டுகிறோம் என்றே புரியவில்லை என்றார்கள். வங்கி அந்தக் கட்டணங்களை ஒன்றாகச் சேர்த்து, இவ்வளவுதான் என்று வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கியது. சின்ன விஷயமாகத் தெரியலாம். வங்கியில் கடன் வாங்கிய அனுபவம் உள்ள வாசகர்கள் அப்படி நினைக்க மாட்டீர்கள்.

பிறகு வளர்ச்சி வேகமாக வந்தது. 2003இல் சுமார் இரண்டரை லட்சம் கணக்குகள். 2004 இறுதியில் முழு வங்கி உரிமம். 2006 ஆகஸ்டில் நைரோபி பங்குச் சந்தையில் பட்டியல். அந்த ஆண்டு முடிவதற்குள் கணக்குகள் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன. ஒரு கட்டத்தில் கென்யாவின் மொத்த வங்கிக் கணக்குகளில் பாதி ஈக்விட்டியில் இருந்தன. உகாண்டா, தெற்கு சூடான், ருவாண்டா, தான்சானியா, காங்கோ என்று எல்லை தாண்டியது. 2020இல் காங்கோவின் பழம்பெரும் வங்கிகளில் ஒன்றான பிசிடிசியையே வாங்கிப் போட்டார்கள். 2012இல் மாண்டே கார்லோவில் எர்ன்ஸ்ட் அண்ட் யங் நிறுவனத்தின் உலகத் தொழில்முனைவோர் விருது முவாங்கிக்குக் கிடைத்தது.

நடுவே செல்போனோடு ஒரு மல்லுக்கட்டு. 2007இல் செல்போன் நிறுவனமான சஃபாரிகாம், போன் வழியே பணம் அனுப்பும் எம்-பெசாவைக் கொண்டுவந்ததும், வங்கிக் கணக்கே வேண்டாம், போன் போதும் என்று கென்யா மாறத் தொடங்கியது. முதலில் முவாங்கி அவர்களோடு கூட்டுச் சேர்ந்து பார்த்தார். 2010இல் வந்த அந்த எம்-கேஷோ திட்டம் பிசுபிசுத்துப் போனது. சரி, நாமே போன் நிறுவனமாகிவிடுவோம் என்று ஈக்விடெல்லைத் தொடங்கினார். அதற்கு அவர்கள் கொண்டுவந்த சாதனம் ஒரு வேடிக்கை: இருக்கிற சிம் கார்டின் மேலேயே ஒட்டிக்கொள்ளும் தாள் போன்ற மெல்லிய இன்னொரு சிம். எதிரியின் முதுகில் ஏறி உட்கார்ந்தே சவாரி! சஃபாரிகாம் கடுமையாக எதிர்த்தது. 2014இல் ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்தது.

இனி நான் சொல்ல வந்த மற்ற பாதி.

கென்யாவில் எட்டாம் வகுப்பு முடிந்ததும், 2023 வரை, 500 மதிப்பெண்ணுக்கு ஒரு பொதுத்தேர்வு இருந்தது. அதில் எடுத்த மதிப்பெண்ணை வைத்துத்தான் உயர்நிலைப் பள்ளியில் இடம் வந்தது. நல்ல பள்ளிகள் பெரும்பாலும் விடுதிப் பள்ளிகள். 2008இல் அரசு, உயர்நிலைப் பள்ளிகளில் கல்விக் கட்டணத்தை நீக்கியது. விடுதிக் கட்டணம் மட்டும் அப்படியே நின்றது. பள்ளியிலிருந்து வரும் சேர்க்கைக் கடிதத்தோடு ஒரு பட்டியலும் வரும். மெத்தை, போர்வை, சீருடை, கறுப்பு ஷூ, சோப்பு, பூட்டுப் போட்ட தகரப் பெட்டி. ஏழை வீட்டில் அந்தக் கடிதம் வரும் நாள் சந்தோஷமும் துக்கமும் ஒன்றாக வரும் நாள். மாவட்டத்திலேயே முதலிடம் வாங்கிய பிள்ளை, பெட்டி வாங்கக் காசில்லாமல் உள்ளூரிலேயே நின்றுவிடுவது அங்கே புதிய செய்தி இல்லை.

1998லேயே, வங்கி இன்னும் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தபோது, முவாங்கி ஒரு வேலையைத் தொடங்கியிருந்தார். உயர்நிலைப் படிப்பை முடித்து, பல்கலைக்கழகம் திறக்க நீண்ட காலம் காத்திருக்கும் முதல் மாணவனையும் முதல் மாணவியையும் வட்டாரம்தோறும் தேர்ந்தெடுத்து, கிளையில் சம்பளத்தோடு பயிற்சி வேலை கொடுப்பது. அந்தச் சம்பளம் கல்லூரிச் செலவுக்கு ஆகும். பயிற்சி முடிந்து வெளியே போகும் பிள்ளைக்கு வங்கி நடக்கும் விதமும் புரிந்திருக்கும். பிற்காலத்தில் இவர்களில் பலர் உலகின் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களுக்கும் போனார்கள்.

2010இல், மாஸ்டர்கார்டு அறக்கட்டளையோடு சேர்ந்து, ஈக்விட்டியின் அறக்கட்டளை ‘விங்ஸ் டு ஃப்ளை’ (பறக்கச் சிறகுகள்) திட்டத்தைத் தொடங்கியது. பெற்றோரை இழந்தவர்கள், வறுமையில் உழல்பவர்கள், ஊனமுற்றவர்கள். ஆனால் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள். நான்கு ஆண்டு விடுதிக் கட்டணம், புத்தகம், சீருடை, அந்தத் தகரப் பெட்டியும் அதற்குள் வைக்க வேண்டிய எல்லாமும், விடுமுறைக்கு வீட்டுக்குப் போய்வரப் பேருந்துக் காசு, கைச்செலவு. இதுவரை 20,000 பேருக்கு மேல் இந்தத் திட்டத்தில் படித்திருக்கிறார்கள்.

உதவித்தொகை உலகமெங்கும் தருகிறார்கள். தேர்ந்தெடுக்கும் முறையைப் பாருங்கள். ஏழை என்று காட்டச் சான்றிதழ் வேண்டும் என்றால், சான்றிதழ் வாங்கத் தெரிந்தவனுக்குத்தான் கிடைக்கும். இது எல்லா ஊருக்கும் பொது. அதனால் கிளைதோறும் ஒரு குழு வைத்தார்கள். அரசு நியமித்த சீஃப் என்கிற ஊர் அதிகாரி, பாதிரியார் அல்லது இமாம், கல்வி அதிகாரி, கிளை மேலாளர் என்று உள்ளூர் ஆட்கள் அதில் இருப்பார்கள். விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு பிள்ளையை நேரில் கூப்பிட்டுப் பேசுவார்கள். பிறகு வீட்டுக்குப் போவார்கள். கூரை எப்படி இருக்கிறது, அடுப்பு எரிகிறதா, பாட்டி மட்டும்தானா, பக்கத்து வீட்டார் என்ன சொல்கிறார்கள். பொய் சொல்லி விண்ணப்பித்த வசதிக்காரன் அந்த வாசலிலேயே அகப்பட்டுக்கொள்வான்.

கட்டிலையும் எடைச் சீட்டையும் பார்த்துக் கடன் கொடுத்த அதே கண்தான் இங்கேயும் வேலை செய்கிறது. தாளில் இல்லாத மனிதரை ஊர் அறிந்திருக்கிறது. போய்ப் பார், கேள் என்பதுதான் முவாங்கியின் வழி. இதற்குப் பணத்தை விட நடைதான் அதிகம் தேவைப்படுகிறது. ஊர்தோறும் கிளையும், கிளைதோறும் ஊரைத் தெரிந்த ஊழியரும் இல்லாத ஒரு தர்ம ஸ்தாபனம் இதைச் செய்ய நினைத்தாலும் முடிந்திருக்காது.

இத்தனை சொன்னவன் இன்னும் சிலவற்றையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பணம் முழுக்க முவாங்கியின் பையிலிருந்து வந்ததல்ல. பெரும் பங்கு மாஸ்டர்கார்டு அறக்கட்டளையுடையது. அமெரிக்க, பிரிட்டிஷ், ஜெர்மன் அரசு உதவிப் பணமும் வந்திருக்கிறது. அவர் குடும்பமே நேரடியாகக் கொடுத்ததற்கும் கணக்கு உண்டு: 2020இல் கொரோனா வந்தபோது, மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பாதுகாப்பு உடை வாங்கச் சேர்ந்த 110 கோடி ஷில்லிங்கில் 30 கோடி முவாங்கி குடும்பத்தினுடையது. மற்றபடி அவர் திரட்டியவர், நடத்துபவர். கொடுப்பதைவிட அது சுலபமான வேலை என்று நான் நினைக்கவில்லை.

அப்புறம் வங்கிக்கு இதில் விளம்பரம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. மஞ்சளும் பழுப்புமாகப் பதாகை கட்டி, தொலைக்காட்சிக் கேமரா முன்னால், அமைச்சரை வைத்துக்கொண்டுதான் பிள்ளைகளை வழியனுப்புகிறார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும் பிள்ளைக்குப் பதாகையைப் பற்றி என்ன கவலை என்று நான் அதை விட்டுவிடுகிறேன். என்னை உறுத்துவது வேறு. இந்தச் சிறகு முதல் வரிசைப் பிள்ளைகளுக்கு மட்டும். 500க்கு 400 எடுத்த ஏழைக்கு வழி திறந்தது. 240 எடுத்த ஏழை, விளக்கில்லாத வீட்டில், தண்ணீர் சுமந்துவிட்டு வந்து படித்து அந்த 240ஐ எடுத்தவள், வீட்டிலேயே இருந்துவிட்டாள். பசியோடு படித்தவளின் மதிப்பெண்ணை எந்தக் குழு எந்த வாசலில் நின்று எடைபோடும்?

வங்கியும் எப்போதும் சின்னவர்கள் பக்கமே நின்றது என்று சொல்லிவிட முடியாது. 2016இல் கென்ய நாடாளுமன்றம் வட்டிக்கு உச்சவரம்பு கட்டியது: மத்திய வங்கியின் வட்டிக்கு மேல் 4 சதவீதப் புள்ளிதான் வாங்கலாம். உடனே ஈக்விட்டி உட்படப் பெரிய வங்கிகள் சிறு வியாபாரிகளுக்குக் கடனைச் சுருக்கிக்கொண்டு, பணத்தை அரசுப் பத்திரங்களில் போட்டன. அரசாங்கம் ஓடிப்போகாது, கட்டிலை எழுதி வாங்கவும் வேண்டாம். 2019இல் அந்தச் சட்டம் போகும்வரை சந்தைக் கடைக்காரி போன் செயலிகளில் கொள்ளை வட்டிக்கு வாங்கிக்கொண்டிருந்தாள். நல்லவராக இருந்தாலும் வங்கிக்காரர் வங்கிக்காரர்தான். சட்டம் எழுதியவர்களைத் திட்டுவதா, இவர்களைத் திட்டுவதா என்பதில் கென்யர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. என் ஓட்டு இரண்டு பக்கமும் பாதிப் பாதி.

சரி, இனி உங்கள் முறை. கையில் பத்திரமோ சம்பளச் சீட்டோ இல்லாத காலத்தில், உங்கள் படிப்புக்கோ முதல் கடனுக்கோ ‘இவனை எனக்குத் தெரியும்’ என்று ஜாமீன் நின்றவர் யார்? வாத்தியாரா, மளிகைக் கடைக்காரரா, ஊருக்குப் புதிதாக வந்த கிளை மேலாளரா? இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்புங்கள். தேர்ந்தெடுத்தவற்றை அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம். ஜாமீன் நின்று கையைச் சுட்டுக்கொண்டவர்களும் தாராளமாக எழுதலாம். அந்தக் கடிதங்களுக்குத்தான் முதல் இடம் கொடுப்பதாக இருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்